டிரைவர் பழசாயிருச்சாம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்ன கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். தப்பாகக் கண்டுபிடித்தேன் என்பது வேறு விஷயம். அப்போது ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாதது எதுவும் உலகத்தில் இருப்பதாக நான் நம்பவில்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் அப்பாவுக்கு ஒரு லேத் பட்டறை. பம்ப் செட்டுக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுப்பார். வரைபடங்கள் போடுவதற்காக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, பட்டறையை ஒட்டிய வீட்டு முன்னறையில் வைத்திருந்தார். அது திடீர் திடீரென்று திரை முழுக்க நீலமாகி நின்றுவிடும். அப்பா அரைநாள் உட்கார்ந்து போட்ட படம் அத்தோடு போய்விடும். கரண்டு சரியில்லை என்றார், தூசி என்றார், கடைசியில் என் விளையாட்டுகள்தான் காரணம் என்று முடிவு கட்டினார். அந்தப் பழியைத் துடைக்க, நீலத்திரை வரும்போதெல்லாம் அதில் காட்டுகிற எழுத்துகளையும் எண்களையும் ரஃப் நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன்.

காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்த்த என் தாய்மாமாவுக்கு ஒரு நாள் போன் செய்தேன். டிரைவர் பழசாக இருக்கலாம், இல்லாவிட்டால் மெமரி கெட்டிருக்கலாம் என்றார் மாமா. கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்பையும் இயக்குகிற சிறு நிரலுக்கு டிரைவர் என்று பெயர் என்றும் விளக்கினார். இரண்டில் முதலில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். உள்ளே லேத் ஓடிக்கொண்டிருந்ததால் தொண்டை கிழியக் கத்தினேன்.

"அப்பா, டிரைவர் ரொம்பப் பழசாயிருச்சாம்! அதனாலதான் அடிக்கடி நின்னு போகுதாம்! தூக்கிப்போட்டுப் புதுசு போடோணுமாம்!"

"அப்படின்னா இன்னைக்கே மாத்திரு கண்ணு!" என்று அப்பாவும் உள்ளிருந்து கத்தினார்.

வாசலில் டெம்போவைக் கழுவிக்கொண்டிருந்தவர் எங்கள் டிரைவர் மாமா. உறவு இல்லை, பழக்கத்தில் வந்த மாமா. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே எங்கள் டெம்போவை ஓட்டுகிறவர். காலையில் வார்ப்புச் சாமான் எடுக்கப் போகும்போது என்னைத் துடியலூரில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுவார். வழியெல்லாம் எனக்குப் பரீட்சை வைப்பார். "அம்மணி, அந்த போர்டுல என்ன எழுதியிருக்குது, படி பாக்கலாம்" என்பார். "சிக்னல்ல என்ன கலரு, சொல்லு பாக்கலாம்" என்பார். நான் "பச்சை!" என்று கூவுவேன். இவ்வளவு சுலபமான கேள்வி கேட்கிறாரே என்று அவர்மேல் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருக்கும்.

கம்ப்யூட்டரோடு வந்த சி.டி.யைப் போட்டு டிரைவரை நானே மாற்றினேன். மறுநாள் காலை மறுபடியும் நீலம். ஞாயிற்றுக்கிழமை தாய்மாமாவே வந்தார். என் ரஃப் நோட்டைப் புரட்டிப் பார்த்தவர், "டிரைவர் கோளாறுன்னா பெரும்பாலும் ஒரே பேருதான் திரும்பத் திரும்ப வரும். இதுல ஒவ்வொருக்காவும் வேற வேற வந்திருக்குது. இது மெமரிதான்" என்றார். பெட்டியைத் திறந்தார். மெமரி அட்டைகள் இரண்டு இருந்தன. இரண்டையும் கழற்றி, அவற்றின் பல்வரிசையை என் வாசனை ரப்பரால் தேய்த்தார். ஒன்றை மட்டும் செருகினார், கம்ப்யூட்டர் ஓடியது. அதை எடுத்துவிட்டு மற்றதைச் செருகினார், நீலம். எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இன்றைக்கு என் பிழைப்பே இந்த வேலைதான். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குப் பிறகு அதிகம் வாய்க்கவில்லை.

அந்த நேரத்தில்தான் டிரைவர் மாமா உள்ளே வந்தார். வெளுத்த வேட்டி, சட்டை. டெம்போ சாவியை மேசைமேல் வைத்தார்.

"அம்மணி சொன்னது நெசந்தானுங்க. நானே சொல்லியிருக்கோணும். ரெண்டு மாசமாக் கண்ணுல பொகை மாதிரி மறைக்குதுங்க. வேலை போயிருமேன்னு மறைச்சுப்போட்டேன். அம்மணியப் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தானுங்க வண்டி ஓட்டிட்டிருந்தேன்."

அப்பாவுக்குப் பாதியிலேயே விஷயம் புரிந்து முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. கடைசி வாக்கியத்தில் அது அப்படியே நின்றுவிட்டது. தாய்மாமா கையில் மெமரி அட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான்தான் பேசினேன்.

"மாமா, நான் உங்களச் சொல்லல. இதுக்குள்ள இருக்கற டிரைவரச் சொன்னேன். அதுவும் இல்ல, மெமரிதான் போயிருச்சு."

டிரைவர் மாமா என்னைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். எடுக்கவில்லை. அப்பாவும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்பா என்னைத் தன் பக்கத்தில் இழுத்து, தலையில் கை வைத்துக்கொண்டார். மெமரி என்று சரியாகச் சொன்னதற்கான பாராட்டு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"ஏனுங்ணா, மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா?" என்று மட்டும் அப்பா கேட்டார். மறுநாள் அவரே டிரைவர் மாமாவைப் பஸ்ஸில் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய்க் கண் ஆஸ்பத்திரியில் காட்டினார். இரண்டு கண்ணிலும் புரை. ஒன்றன்பின் ஒன்றாக ஆபரேஷன் நடந்தது. அதுவரை டெம்போவை அப்பாதான் ஓட்டினார். நான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனேன். கம்ப்யூட்டர் ஒற்றை மெமரியில் ஒருமுறைகூட நிற்காமல் ஓடியது. அந்தப் பெருமையை நான் கிளாஸ் முழுக்கச் சொல்லித் தீர்த்தேன்.

டிரைவர் மாமா திரும்பி வந்தார், புதுக் கண்ணாடியோடு. முதல் நாள் காலை நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து பரீட்சைக்குத் தயாரானேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பதிலுக்கு அவரே படிக்க ஆரம்பித்துவிட்டார். டீக்கடை போர்டு, மருந்துக்கடை போர்டு, முன்னால் போன லாரியின் முதுகு, எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக்கொண்டே ஓட்டினார்.

"சிக்னல் செவப்பு, அம்மணி" என்று வண்டியை நிறுத்தினார்.

"அது எனக்குத் தெரியாதா மாமா?" என்றேன். எனக்கு ஒரே கோபம்.

"தெரியும் கண்ணு. உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சுது" என்றார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். ரோட்டில் தூசி அதிகம், டிரைவர் மாமாவின் கண்ணாடி ஒரே நாளில் அழுக்காகிவிடுகிறது என்றேன்.