முள் நூற்று நாற்பதில் நின்றது

தொண்ணூறுகளில் ஒரு பகல். மூச்சுத் திணறிய என் அண்ணனை ராஜபாளையத்து ஆஸ்பத்திரியிலிருந்து மதுரைக்கு வேனில் கொண்டு போனோம். அண்ணன் கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்த ஆக்ஸிஜன் சிலிண்டரின் மீட்டரில் முள் இரண்டாயிரத்தைக் காட்டியது. "நெறயா இருக்கு" என்று நர்ஸ் சொன்னது என் மனசில் பதிந்துவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் தாண்டும்போதுதான் வேனிலிருந்த சிலிண்டரைப் பார்த்தேன். முள் நூற்று நாற்பதில் நின்றது.

"அண்ணாச்சி, வண்டிய நிறுத்துங்க. காத்து தீரப் போகுது."

"நேத்துதான் மாத்துனது, எப்பிடித் தீரும்?" என்றபடியே டிரைவர் ஓரங்கட்டினார்.

இங்கேயே வேறு சிலிண்டர் தேடுவதா, இருப்பதை வைத்து மதுரைக்கு ஓடுவதா? இறங்கினேன், ஏறினேன், மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். முகத்து மூடியை விலக்கி, விட்டு விட்டுச் சொன்னார்:

"ஏலே, அங்க பாத்தது பவுண்டு. இது கிலோ. பதினாலால பெருக்கு."

காற்றின் அழுத்தத்தை அங்கே சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றும், இங்கே சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்றும் காட்டுகிற மீட்டர்கள். பெருக்கினேன். கிட்டத்தட்ட அதே இரண்டாயிரம்.

"செத்த நேரம் உக்காருலே. ஒன்னப் பாத்தாத்தான் எனக்கு மூச்சு முட்டுது."

டிரைவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார். நான் மீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் முள் இறங்க இறங்க, அண்ணன் என்னைப் பார்த்து எம்புட்டு என்று கையை அசைப்பார். நான் பதினாலால் பெருக்கியே சொல்வேன். எப்படிச் சொன்னாலும் காற்று அம்புட்டுதான் என்று என்னைவிட அவருக்குத் தெரியும். ஆனாலும் பெரிய எண்ணைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார்.

பிழைத்து வந்து பட்டறையைத் திறந்தார். அன்றைக்குக் கணக்குத் தெரிந்த அவருக்கும் அந்தப் பெரிய எண் வேண்டியிருந்தது. அதைச் சொல்லிக்கொண்டே போவது எனக்கும் வேண்டியிருந்தது.