சாக்காசனம்

கண்ணுகளா, நீங்கள் பிறப்பதற்கு முன்னால், எழுபதுகளில், சித்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு யோகாசனம் சொல்லிக் கொடுத்தேன். கைகால் விறைத்துப்போன வள்ளி என்ற சிறுமியை அவள் அம்மா இடுப்பில் தூக்கி வருவார்.

ஒருநாள் சாக்குகளை விரித்து, எல்லோரையும் மல்லாக்கப் படுக்க வைத்தேன். "இதுக்குப் பேரு சவாசனம். ஒடம்பத் தளத்தி உடுங்க" என்றேன். எப்போதும் இறுகியே இருக்கும் வள்ளியின் விரல்கள் மெல்ல விரிந்தன. நான் மகிழ்வதற்குள் அவள் அம்மா ஓடிவந்து அவளை வாரி எடுத்தார்.

"ஏனுங்க, சவமுங்களா? இவ எப்பப் போவாளோன்னு ஊரே பேசுது. நீங்களுமா? இனி நாங்க வரலீங்க."

அதற்குள் வள்ளி கத்தினாள்.

"அம்மா, அது சாக்காசனம்மா! சாக்குல படுக்கறது! என்னைய எறக்கி உடு!"

"நெசமாங்க?" என்று அம்மா என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க, சாக்காசனந்தானுங்க."

கண்ணைத் துடைத்துச் சிரித்துக்கொண்டே மகளை மறுபடி சாக்கில் கிடத்தினார். பொய் சொன்னதாக எனக்கு இன்றும் தோன்றவில்லை.

அன்று தனியாகச் சைக்கிளில் திரும்பும்போது, அடுத்த வாரம் வாய் தவறிப் பழைய பெயர் வந்துவிடக் கூடாதே என்று, வழி முழுக்க "சாக்காசனம், சாக்காசனம்" என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன்.