மதாம் ரீட்டாவின் பாஸ்வேர்ட்

மதாம் ரீட்டாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால், முதல் வார்த்தைக்கே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவளிடம் ஒன்பது வருஷம் குப்பை கொட்டியவள் நான். காரைக்கால் மாதாகோயில் வீதியில் அவளுடைய பிரெஞ்சு டைப்பிங் கடை இருந்தது. எங்கள் ஊரில் பிரான்சில் ஆள் இல்லாத தெரு கிடையாது. பென்ஷன் கடுதாசி, விசா மனு, பிறப்புத் தாள், இறப்புத் தாள், எது பிரெஞ்சில் வேண்டுமானாலும் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். வந்து நின்றவர்களை அவள் ஒருநாளும் உட்காரச் சொன்னதில்லை.

நான் வேலைக்குப் போன முதல் நாளே, "எந்த ஊரு? கருக்களாச்சேரியா? போயி கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா. கீபோர்டுல மீன் வாடை அடிக்கக் கூடாது" என்றாள். அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை தவறாமல் மீன் குழம்பு. அந்த மீனைப் பிடித்துக் கொடுப்பது யாராம்? அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பியிருப்பேன். ஆனால் அப்பா படகிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த நேரம் அது. வாயை மூடிக்கொண்டு கையைக் கழுவினேன்.

அவள் கதையும் எனக்குத் தெரியாததில்லை. அவளுடைய அப்பா சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவர் செத்த பிறகு அண்ணன் ஆரோக்கியஜோசப், "பிரெஞ்சுக் குடியுரிமைய உனக்கும் சேத்து நானே பாக்குறேன்" என்று அப்பாவின் பட்டாளத் தாள்களையும் இவளுடைய அசல் தாள்களையும் வாங்கிக்கொண்டு பாரீசுக்குப் போனார். அங்கே அவர் குடும்பம் பெருகியது. இவளுடைய தாள்கள் எந்த அலமாரியில் மக்கினவோ, திரும்பி வரவே இல்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டு, கல்யாணமும் இல்லாமல், அப்பாவின் பழைய பிரெஞ்சு டைப்ரைட்டரில் அடித்து அடித்து ஊரில் இருந்தவர்களை எல்லாம் விமானம் ஏற்றிவிட்டாள். பாவம்தான். அதற்காக என்னைத் தினம் கரித்துக்கொட்ட வேண்டுமா?

அவள் ஒரு ஜீவனையும் நம்ப மாட்டாள். மழையில் வருகிறாளே என்று குடையை நீட்டினால், "எதுக்குத் தர்றே?" என்பாள். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது அந்தச் சந்தேகமெல்லாம் அதன்மேல் ஏறிக்கொண்டது. அதில் ஒரு நல்ல பழக்கமும் கூடவே வந்தது. இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். சனிக்கிழமை சாயங்காலம் என்னை வெளியே தள்ளி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவளே இமேஜ் எடுப்பாள். அதாவது, கம்ப்யூட்டருக்குள் இருக்கிற அத்தனையையும், விண்டோஸ் முதற்கொண்டு கடைசிக் கடுதாசி வரைக்கும், இருக்கிறபடியே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் பிடித்து வைத்துக்கொள்வது. மெஷின் கெட்டுக் குட்டிச்சுவரானாலும், அந்த இமேஜைத் திரும்பப் போட்டால் சனிக்கிழமை எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து நிற்கும். அந்த டிஸ்க்கை டர்க்கி டவலில் சுற்றிக் கைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாள்.

இமேஜுக்குப் பாஸ்வேர்ட் உண்டு. காலையில் கம்ப்யூட்டரைத் திறக்கவும் அதே பாஸ்வேர்ட்தான். அவள் அதை அடிக்கும்போது நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவளுடைய கீபோர்டும் நம்முடையது மாதிரி இல்லை, பிரெஞ்சுக் கீபோர்டு, பாண்டிச்சேரியில் சொல்லிவைத்து வாங்கியது. இன்ஸ்டிடியூட்டில் நான் கற்ற இங்கிலீஷ் டைப்பிங்கில் க்யூ இருக்கிற இடத்தில் அதில் ஏ இருக்கும், ஏ இருக்கிற இடத்தில் க்யூ இருக்கும். அது கைக்குப் படிவதற்குள் அவளிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமா நஞ்சமா!

இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில்தான் எல்லாம் வெடித்தது. மெஹர் பானு என்று ஒரு பெண். புருஷன் பிரான்சுப் பிரஜை. நிக்காஹ் முடிந்து ஒரு மாதம் இருந்துவிட்டு அங்கே போனவன். இவளை அழைத்துக்கொள்ள மனுப் போட்டு, ஒரு புரோக்கர் அரைகுறையாக மொழிபெயர்த்துக் கொடுத்ததில் போன தடவை கான்சுலேட்டில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமியார் பச்சையாகவே சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் திரும்பி வந்தியன்னா, எம் மவனுக்கு நான் வேற எடம் பாக்குறேன்." வெடித்தது ஒரு புதன்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்குப் பாண்டிச்சேரிக் கான்சுலேட்டுக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். புதன்கிழமை மத்தியானமே அண்ணனோடு பஸ் ஏற வேண்டும். அந்தப் பஸ்ஸில் அவள் கையில் தாள்கள் இல்லையென்றால் அவளுடைய கல்யாணமே இல்லை.

தாள்கள் எல்லாம் முந்தின வெள்ளிக்கிழமையே தயார். நிக்காஹ் பதிவு, மாமனாரின் பட்டாளச் சான்று, பாட்டன் காலத்துப் பிறப்புப் பதிவு என்று ஒரு கட்டு, மாதக்கணக்கில் அடித்தது. அன்றைக்கே பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. மதாமின் வழக்கம் அது இல்லையே! முன்கூட்டிக் கொடுத்தால் எவனாவது அதைப் பார்த்துக் காப்பியடித்துவிடுவானாம். ஊரைவிட்டுக் கிளம்புகிற அன்றைக்குத்தான் பிரிண்ட்.

புதன்கிழமை காலை மெஷின் எழுந்தது, அணைந்தது, தானே மறுபடி எழுந்தது. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் அதே பெயரில் இன்னொரு ஃபோல்டர். மெஹர் பானுவின் ஃபைலைத் திறந்தால் கட்டம் கட்டமாக ஏதோ குப்பை. மதாமின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. மெஹர் பானு எதிரில் நிற்கிறாள், ஜெராக்ஸுக்கு வந்த இரண்டு பேர் நிற்கிறார்கள்.

"என்னத்தடி கொண்டாந்து சொருவுன?" என்றாள் என்னைப் பார்த்து.

"நான் ஒண்ணும் சொருவல மதாம். முந்தாநாள் ஒங்க அண்ணன் மகன் பென் டிரைவ்ல கிறிஸ்மஸ் போட்டோ கொண்டாந்தாரு. நீங்கதான் போட்டுப் பாத்தீங்க."

"வாய மூடு! பாரீஸ்லேருந்து வந்ததுல வைரஸ் இருக்குமா? கடக்கரைலேருந்து வந்ததுலதான் இருக்கும்."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கோபத்தில். அவள் எதிரில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சர்வீஸ்காரர் சேக் அலாவுதீனுக்குப் போன் போட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஒரு ஃபைலும் மிஞ்சல மதாம். ஃபார்மேட் பண்றதுதான் வழி" என்றார்.

"எங்கிட்ட இமேஜ் இருக்கு" என்று டர்க்கி டவலைப் பிரித்தாள் மதாம். அந்த ஒரு நிமிஷம் அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மெஹர் பானு, "அல்லா காப்பாத்திட்டான்" என்று முக்காட்டால் முகத்தைத் துடைத்தாள்.

அலாவுதீன் சி.டி. போட்டு மெஷினை எழுப்பி, டிஸ்க்கை மாட்டினார். திரையில் பாஸ்வேர்ட் கேட்டது. எங்களை எல்லாம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு மதாம் அடித்தாள். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தாள். தப்பு. விரல் ஒவ்வொன்றாக அழுத்தி அழுத்தி அடித்தாள். தப்பு.

"யாரோ மாத்திட்டாங்க" என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். எரித்துவிடுகிற பார்வை.

அலாவுதீன் கொஞ்சம் யோசித்தார். திரையில் வேறொரு கட்டத்தைத் திறந்து, பிரெஞ்சுக் கீபோர்டில் ஏ-யைத் தட்டினார். திரையில் க்யூ விழுந்தது. "அட, இதான் சங்கதி! விண்டோஸுக்குள்ளதான் இது பிரெஞ்சுக் கீபோர்டு மதாம். இந்த சி.டி.க்கு அதெல்லாம் தெரியாது, இங்கிலீஷுன்னு நெனச்சுக்குது. பாஸ்வேர்ட்ல ஏ இருக்கா? ஒவ்வொரு ஏ-யும் க்யூவா விழுவுது. திரையில நட்சத்திரந்தானே தெரியும், ஒங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"ஏ வர்ற எடத்துல க்யூவ அடிங்க" என்று அவர் சொல்ல, மதாமின் விரல்கள் பழக்கத்தில் ஏ-க்கே ஓடின, மறுபடி தப்பு. அவர் தன் பையிலிருந்து ஒரு சாதாரண இங்கிலீஷ் கீபோர்டை எடுத்து மாட்டினார். ஊரெல்லாம் சுற்றிய கீபோர்டு. எழுத்துகள் எல்லாம் தேய்ந்து மழமழவென்று இருந்தது. மதாமின் விரல்களோ முப்பது வருஷமாகப் பிரெஞ்சு இடத்துக்கே ஓடிப் பழகியவை. பார்த்து அடிக்கலாம் என்றால் பார்ப்பதற்கு எழுத்தே இல்லை. ஒரு தடவை முயன்றாள், தப்பு.

"எழுத்தெழுத்தா சொல்லுங்க, நான் அடிக்கிறேன்" என்றார் அலாவுதீன்.

"சொல்ல முடியாது."

"எந்த எழுத்து எங்க இருக்குன்னு கேட்டுக்கிட்டு நீங்களே..."

"முடியாதுன்னா முடியாது! அது என் சொந்த விஷயம்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மெஹர் பானுவின் அண்ணன் வாசலில் பெட்டியோடு வந்து நின்றுவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்த டிஸ்க்குக்குள் கிடக்கிறது, இவளுக்கு என்ன ராங்கி! நான் வாயைத் திறப்பதற்குள் மெஹர் பானுவே முன்னால் வந்தாள். அதுவரை குரல் எழும்பாத பெண் அவள்.

"மதாம், ஒங்க தாளெல்லாம் ஒருத்தர் கொண்டு போயி முடக்கிப் போட்டுட்டாருன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. இப்ப என் தாள நீங்க முடக்குறீங்க. நீங்களும் அவரும் ஒண்ணுதான்!"

மதாம் மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "பாரதி, நீ வெளிய போ" என்றாள். "எல்லாரும் போங்க. அலாவுதீன் மட்டும் இருக்கட்டும்."

நானும் மெஹர் பானுவும் வாசலுக்கு வந்தோம். மதாம் காதோடு காதாகத்தான் சொன்னாள். அலாவுதீன் பாய்க்கு ஒரு பழக்கம்: எதை அடித்தாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பார்.

"பி... ஹெச்... ஏ... ஆர்... ஏ... டி... ஹெச்... ஐ..."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என் பெயர்! இத்தனை வருஷம் நாயே பேயே என்று திட்டியவள், ஒவ்வொரு காலையும் என் பெயரை வைத்தா கடையைத் திறந்திருக்கிறாள்? சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மெஹர் பானு கூட என் கையைப் பிடித்து, "அக்கா, ஒங்க பேருக்கா" என்றாள்.

அலாவுதீன் நிறுத்தவில்லை. "டி... ஹெச்... ஐ... ஆர்... யு... டி... ஐ..." என்று முடித்துவிட்டுத்தான் அவருக்கே உறைத்தது போலிருக்கிறது. சட்டென்று இருமினார்.

பாரதி திருடி.

மெஹர் பானு என் கையை விட்டுவிட்டாள்.

மெஷின் பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது, நாங்கள் உள்ளே போனோம். திரையில் நீலக் கோடு மெதுவாக நகர்ந்தது. அது முடிகிறவரை யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மெஷின் எழுந்தபோது சனிக்கிழமை சாயங்காலம் விட்ட இடத்திலேயே இருந்தது; மெஹர் பானுவின் கட்டு முழுசாக இருந்தது. நான்தான் உட்கார்ந்து தேதி போட்டு, ஒவ்வொரு தாளாகப் பிரிண்ட் எடுத்து, வரிசை பார்த்து உறையில் போட்டுக் கொடுத்தேன். ஒரு தாளும் மாறவில்லை. பஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். மார்ச்சில் விசா வந்து மெஹர் பானு பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அன்று எல்லாரும் போன பிறகு கடையில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"நான் என்ன திருடுனேன் மதாம்?" என்றேன்.

"ஒண்ணும் திருடல."

"பத்துப் பைசாவாவது? ஒரு பேனா, ஒரு தாளு?"

"இல்ல."

"பின்ன ஏன் அப்புடி வச்சிருக்கீங்க?"

அவள் டவலை எடுத்து மடித்தாள். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள். "தெனம் காலைல ஒரு தடவ அடிச்சாத்தான் புத்தியில நிக்கும்" என்றாள். "இல்லாட்டி ஒன்ன நம்பிடுவேன் போல இருந்துச்சு."

திருடி என்று நினைத்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். மனுஷிக்குத் தப்பாகப் பட்டிருக்கும், ஒருநாள் தெளிந்துவிடும். இவளுக்கு நான் நல்லவள் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, அது மனசில் ஒட்டிவிடாமல் இருக்கத் தினம் என்மேல் சேற்றை அள்ளிப் பூசிக்கொண்டிருந்திருக்கிறாள். அவள் அண்ணன் செய்ததற்கு நானா பலி? அதை அவள் முகத்துக்கு நேராகவே கேட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

"நாளைக்கு வருவியா?" என்றாள் பின்னாலிருந்து.

தினமும் சாயங்காலம் "நாளைக்கு நேரத்தோட வந்து தொலை" என்பதுதான் அவளுடைய வழக்கம். வருவாயா என்று அவள் என்னைக் கேட்டது அது ஒரு தடவைதான். குரல் உடைந்திருந்தது. நான் திரும்பி நின்று, அவள் கண்ணைப் பார்த்து, "மாட்டேன் மதாம்" என்றேன். அவள் முகம் வெளிறிப்போனது. அதைப் பார்க்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது.