ஓடவிடாமல் வளர்த்த மகள்

என் மகளுக்கு ஆறு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மூன்று ஆண்டுகள் சென்னைக்கு அலைந்து சிகிச்சையை முடித்தோம். "இனிமே மத்த குழந்தைங்க மாதிரி விடுங்க" என்றார் டாக்டர். நான் விடவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணு ஆராய்ச்சி ஊழியர் குடியிருப்பில் இருந்தோம். என் வேலை கதிர்வீச்சுப் பாதுகாப்பு. ஒருவர் மேல் படும் கதிர் வரம்புக்குள் இருந்தால் மட்டும் போதாது, முடிந்தவரை இன்னும் குறைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெயில், தூசி, மூச்சிரைப்பு எல்லாமே குறைக்க வேண்டிய கதிராகத் தெரிந்தன. விளையாட்டு வகுப்பில் அவள் மரத்தடியில் உட்கார்ந்து மற்றவர்களின் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். சைக்கிள் கேட்டாள். கேபிள் டிவி இணைப்பு வாங்கிக் கொடுத்தேன்.

அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, குப்பத்திலிருந்து வழக்கமாக மீன் கொண்டுவரும் பெண் வாசலில் கூடையை இறக்கிவிட்டுக் கேட்டாள்: "இன்னா சார், பொண்ண வஞ்சிரம் மாரி ஐஸ்ல வெச்சிகினு கீற?"

மகள் உள்ளேயிருந்து, "எனக்கு என்ன விலை சொல்லுவீங்கக்கா?" என்றாள்.

"உன்ன தூக்கவே ரெண்டு ஆளு வோணும் கண்ணு!"

எல்லோரும் சிரித்தோம். அதன்பின் மீன்காரி வரும்போதெல்லாம் மகள் தன் அறையைச் சாத்திக்கொண்டாள்.

படித்து முடித்ததும் சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. வாசலுக்கே வண்டி வரும். பகல் முழுக்க நாற்காலி, வந்ததும் சோபா. எனக்கு அதைவிடப் பாதுகாப்பான வேலை இருப்பதாகத் தோன்றவில்லை. ஒருநாள் அலுவலகத்தில் லிஃப்ட் ஓடாமல் மாடியேறியவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். செங்கல்பட்டில் ஒரு இதய மருத்துவரிடம் காட்டினோம்.

"சின்ன வயசுல குடுத்த மருந்து இதயத்தைக் கொஞ்சம் தளர்த்தியிருக்கு. ஆனா உட்கார்ந்தே இருந்ததுதான் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கு. தினமும் நடக்கணும். யாரும்மா உன்னை நடக்க வேணாம்னு சொன்னது?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "பழகிடுச்சு டாக்டர்" என்றாள்.

மறுநாள் காலை இருவரும் கடற்கரைக்குப் போனோம். ஈர மணலில் மெதுவாகத்தான் நடந்தாள். கட்டுமரங்களைக் கரையேற்றியிருந்த இடத்தைத் தாண்டியதும் மூச்சு வாங்க நின்றாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் கண்ணில் நான் அதுவரை காணாத ஒரு ஆசை.

"அப்பா, இன்னும் கொஞ்சம் போலாமா?"

சம்பாதிக்கிற பெண், நடப்பதற்கு என்னிடம் அனுமதி கேட்டாள். போலாம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"போதும்மா. உட்காரு."

மறுபேச்சின்றி மணலில் உட்கார்ந்தாள்.