சொல்லாமல் வந்த வெள்ளம்

கடந்த கார்த்திகை மழையோடு என் தங்கை டிலானிக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாளே அவளுக்கு எங்களை அடையாளம் தெரியவில்லை. மன்னார் ஆஸ்பத்திரியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். மூளைக்காய்ச்சல் என்றார்கள். அம்புலன்சில் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்தக் கால் நெருப்பாகச் சுட்டது. அவளுக்குப் பதினைந்து வயது.

என்னோடு சேர்ந்து செபிக்கிற சகோதரங்களே, நான் கட்டட வேலைத் தொழில்நுட்பம் படித்தவள். எதையும் வரிசைப்படுத்தினால்தான் எனக்கு மூச்சு வரும். ஆஸ்பத்திரி வாசலில் நின்றும் அப்படித்தான் செபித்தேன். முதலில் காய்ச்சல் இறங்க வேண்டும். இரண்டாவது, கண் திறக்க வேண்டும். மூன்றாவது, எழுந்து நடக்க வேண்டும். பக்கத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த அம்மாவின் காதில் அது விழுந்துவிட்டது.

"ஆண்டவருக்கும் வேலை பிரிச்சுக் குடுக்கிறியோ பிள்ளை?" என்றார். அந்த நேரத்திலும் இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு அழுதோம்.

ஆண்டவர் ஒவ்வொன்றாகத் தந்தார். நத்தார் பண்டிகைக்கு முன்னரே டிலானி தன் காலால் நடந்து கீரி என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் வந்தாள். ஆனால் நான் கேட்க மறந்த ஒன்று இருந்தது. அவளுடைய சொற்கள் அவளோடு வீட்டுக்கு வரவில்லை.

முந்தி எங்கள் வீட்டில் அதிகம் கதைப்பவள் அவள்தான். அவள் பள்ளிக்கூடத்தால் வந்தால் அப்பா "ரேடியோ வந்திட்டுது" என்பார். இப்போது கதிரை என்ற பெயர் வராமல், உட்காரும் அதைக் காட்டி "இருக்கிறது" என்றாள். வாசல் படலையடியில் வந்து நிற்கும் கழுதையை ஒருநாள் நெடுநேரம் பார்த்தாள். அதற்குப் பெயர் வைத்ததே அவள்தான். அந்தப் பெயரும் வரவில்லை, கழுதை என்ற சொல்லும் வரவில்லை. படலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொற்கள் மெல்ல மெல்ல வரும், எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது என டாக்டர் முன்னரே சொல்லியிருந்தார்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கியது. அதிபரான சிஸ்டர் எங்களைக் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினார். டிலானியின் வகுப்பில் எல்லோரும் வரலாற்றுப் பாடத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். பண்டைய எகிப்தையும் மெசப்பொத்தேமியாவையும் ஒப்பிட வேண்டும். டிலானியும் எழுதட்டும், தேடிக் கொடுக்கவும் வாசித்துக் காட்டவும் வீட்டார் உதவலாம், ஆனால் வகுப்பில் அவளே வாசித்து, ரீச்சர் கேட்பதற்குத் தன் சொல்லில் பதில் சொல்ல வேண்டும் என்றார். முடிந்தால் தன் வகுப்போடு சாதாரண தரப் பரீட்சைக்குப் போகலாம். முடியாவிட்டால் ஒரு வகுப்புக் கீழே இருந்து படிப்பதுதான் அவளுக்கு நல்லது.

வீட்டுக்கு வரும் வழியில் டிலானி ஒன்றே ஒன்று சொன்னாள். "கீழ எண்டா... போகமாட்டன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தக் கட்டுரை இல்லாவிட்டால் அவளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை என்று எனக்கு விளங்கியது.

நான் அட்டவணை போட்டேன். இடப்பக்கம் எகிப்து, வலப்பக்கம் மெசப்பொத்தேமியா. ஆறு, எழுத்து, கட்டடம், அரசன், கடவுள். வேலையால் வந்து ஒவ்வொரு பின்னேரமும் வாசித்துக் காட்டினேன். இன்றைக்கு நைல் என்பாள், நாளைக்கு நைல் இராது. மெசப்பொத்தேமியா வாய்க்குள் வரவே இல்லை. "சுகமா இருக்கிற எனக்கே அது வருகுதில்லை" என்று அம்மா மீன் வெட்டிக்கொண்டே சொன்னார். டிலானி தானாக வைத்துக்கொண்ட பெயர்கள் மட்டும்தான் அவளிடம் நின்றன. பிரமிட்டுப் படத்தைப் பார்த்து எகிப்துக்குக் 'கூம்பு ஊர்' என்று பெயர் வைத்தாள். களிமண் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்து மற்றதற்கு 'மண் ஊர்'. நான் சொல்லிக் கொடுத்த வசனங்களைத் திருப்பிச் சொல்வாள். ஏன் என்று கேட்டால் வெறுமையாகப் பார்ப்பாள்.

தவக்காலம் தொடங்கிய கிழமை கொப்பியைத் தள்ளிவிட்டாள். "நீங்களே எழுதுங்கோ அக்கா. நான் அங்க இல்லை."

எழுதுவது எனக்குப் பெரிய வேலை அல்ல. ஆனால் 'நான் அங்க இல்லை' என்ற அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. அடுத்த நாள் எனக்கு வங்காலையில் வேலை. முடிந்ததும் பஸ் எடுக்காமல் அந்த ஊர்க் கோயிலுக்குள் போய் முழந்தாளிட்டேன். வரிசை ஒன்றும் வரவில்லை. எதை முதலில் கேட்பது என்றே தெரியவில்லை. "ஆண்டவரே, அவளுக்குள்ளே இருந்து ஒரு வசனம் தாரும். அவளுடைய சொந்த வசனம். ஒன்று போதும்" என்று மட்டும் கேட்டேன். எப்படித் தர வேண்டும் என்று இந்த முறை நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் கடல் அசையாமல் கிடந்தது. அப்பா வலையோடு போயிருந்தார். மதியத்துக்குச் சற்று முன் வானம் கறுத்து, திடீரென்று காற்று எழும்பியது. கரைக்கு ஓடினோம். டிலானியும் ஓடி வந்தாள். ஒவ்வொரு படகாக வந்து மணலில் ஏறியது. அப்பாவின் படகைக் காணவில்லை. அம்மாவின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன, சத்தம் வரவில்லை. கடைசியாகத்தான் அவருடைய படகு தெரிந்தது.

நனைந்தபடி இறங்கிய அப்பா எங்களைப் பார்த்து, "என்ன, ஊர்வலமா வந்து நிக்கிறியள்? மீன் ஒண்டும் இல்லை" என்றார்.

டிலானி அவருடைய ஈரச் சட்டையைப் பிடித்தாள். "இந்தக் காத்து... சொல்லிப்போட்டு வரேல்லையா?"

"சோளகக் காத்து எண்டா மாதம் தெரியும் பிள்ளை, அது சொல்லிப்போட்டு வரும். இது சொல்லாம வாற காத்து."

அவள் வீட்டை நோக்கி நடந்தாள். வீடு நெருங்கும்போது தன்பாட்டில் சொன்னாள். "கூம்பு ஊர் ஆறு சொல்லிப்போட்டு வரும். மண் ஊர் ஆறு சொல்லாம வரும்."

நான் நின்றுவிட்டேன். நைல் ஆறு ஆண்டுதோறும் அதே காலத்தில் பெருகும். தைகிரீசும் யூப்பிரட்டீசும் எப்போது பெருகும் என்று யாருக்கும் தெரியாது. என் அட்டவணையின் முதல் வரியே அதுதான். எத்தனையோ தரம் வாசித்துக் காட்டியது. ஆனால் இப்போது அவள் சொன்னது என் வரி அல்ல.

"எனக்கு வந்த காய்ச்சலும் சொல்லாமத்தான் வந்தது. நான் மண் ஊர், அக்கா."

காய்ச்சலுக்குப் பிறகு அவள் அவ்வளவு நீளமாகக் கதைத்தது அன்றுதான். அந்த இடத்திலேயே நின்று நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஒரு வசனம் கேட்டேன். அவர் எண்ணிப் பார்த்துத் தரவில்லை.

கட்டுரை அங்கிருந்து தொடங்கியது. அட்டவணையை மூடி வைத்தோம். இப்போது கேள்வி கேட்பவள் அவள். வெள்ளம் வந்தால் மண் ஊரில் வீடு என்னவாகும் என்று கேட்டாள். வெயிலில் காயவைத்த மண்கல் கரைந்து விழுந்துவிடும் என்றேன். விழுந்ததை மட்டப்படுத்தி, அதற்கு மேலேயே திரும்பக் கட்டினார்கள், அப்படிக் கட்டிக் கட்டியே அந்த ஊர்கள் மேடாக உயர்ந்தன என்றும் சொன்னேன். ஏன் வேறு இடத்துக்குப் போகவில்லை என்று கேட்டாள். நான் வாய் திறக்குமுன் அவளே பதிலும் சொன்னாள். "ஆறு அங்கதானே. நாங்களும் கடலை விட்டுட்டுப் போகேல்லைத்தானே."

குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய கிழமை அவள் வகுப்பில் வாசித்தாள். அம்மாவும் நானும் வெளி விறாந்தையில் நின்றோம். மெசப்பொத்தேமியா என்ற சொல்லில் நின்றுவிட்டாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசை வாங்கில் இருந்த, அவள் வைத்த பெயர் தெரிந்த ஒரு பிள்ளை மெதுவாக, "மண் ஊரடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். டிலானியும் சிரித்துவிட்டு மிச்சத்தை வாசித்து முடித்தாள்.

"இந்த ரெண்டு இடத்தில நீர் எங்க இருக்க விரும்புவீர்?" என்று வரலாற்று ரீச்சர் கேட்டார்.

"மண் ஊரில, ரீச்சர்."

"ஏன், அங்க பயமெல்லோ?"

"ஓம், பயம்தான். ஆனா அந்த ஊர்ச் சனம் விழுந்த இடத்திலேயே திரும்பக் கட்டுவினம்."

ரீச்சர் கட்டுரையில் சரி போட்டுக் கொடுத்தார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். டிலானி இன்று தன் வகுப்பிலேயே, தன் கதிரையிலேயே இருக்கிறாள்.

நான் இப்போதும் வரிசைப்படுத்தித்தான் செபிக்கிறேன், அந்தப் பழக்கம் போகாது. ஆனால் கடைசியில் ஒரு வரியை வெறுமையாக விடுகிறேன். அதை அவர் நிரப்பட்டும். உங்கள் வீட்டுக்கும் ஏதாவது சொல்லாமல் வந்திருக்கலாம். என்ன கேட்பது என்று கூடத் தெரியாமல் இருக்கலாம். தெரியாவிட்டாலும் போய் முழந்தாளிடுங்கள். விழுந்த இடத்தில் நீங்கள் தனியாகக் கட்டப் போவதில்லை.

இதை எழுதி முடித்து டிலானியிடம் வாசிக்கக் கொடுத்தேன். 'என் தங்கை முற்றாகக் குணமாகிவிட்டாள்' என்று ஒரு வரி இருந்தது. அதை வெட்டச் சொன்னாள். "பொய் எழுதக் கூடாது அக்கா. கட்டிக்கொண்டு இருக்கிறன் எண்டு போடுங்கோ."

போட்டுவிட்டேன். பிறகு அவள் எழுந்து படலையடிக்குப் போனாள். கழுதை வந்து நின்றது. அதைப் பார்த்து, "என்ன ஓவசியர், வேலை நடக்குதோ எண்டு பாக்க வந்தனீரோ?" என்று கேட்டாள்.

அதுதான் காய்ச்சலுக்கு முன் அவள் அதற்கு வைத்த பெயர். ஆண்டவருக்கு நன்றி.