எக்ஸ்ரேயில் விழுந்த மெட்டி

எங்கள் வீட்டு பீரோவில், பட்டுச் சேலைகளுக்கு அடியில், ஓர் எக்ஸ்ரே படம் இருக்கிறது. என் மாமியாரின் வலது பாதம். எடுத்தவள் நான்தான். நாமக்கல்லில் ஓர் எலும்பு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலை. தொடையெலும்பு, முழங்கால் சில்லு, குதிகால் என்று நாள் முழுக்க ஊரார் கால்களோடுதான் என் பிழைப்பு. ஒரு பாதத்துக்குள் இருபத்தாறு எலும்புகள். அந்தப் படத்தில் அவை மங்கலாகத் தெரிய, இரண்டாவது விரலில் மட்டும் பளீரென்று ஒரு வெள்ளை வளையம். அத்தையின் மெட்டி. உலோகம் எதுவும் காலில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். கழற்றச் சொன்னேன். கேட்டால்தானே!

அத்தை அப்போது ஊர்ப் பெண்களோடு சேர்ந்து வள்ளி கும்மி பழகிக்கொண்டிருந்தார். ஒரே நிறச் சேலையில் வட்டமாக நின்று, பாட்டுக்கு அடியெடுத்து ஆடும் ஆட்டம். ஜேடர்பாளையத்தில் அரங்கேற்றம் என்று நாளும் குறித்தாயிற்று. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "பேரன் எடுத்த வயசுல என்ன புள்ள குதியாட்டம்?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. "சோறு ஆச்சுன்னு உங்க மாமங்கிட்டச் சொல்லு அம்மிணி" என்று, எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் மனிதருக்கு என் வழியாகத்தான் செய்தி போகும். நடுவில் கிடந்து அல்லாடியவள் நான்.

அரங்கேற்றத்துக்கு மூன்று மாதம் இருக்கையில், பழகும் இடத்தில் அத்தைக்குப் பாதம் புரண்டு, சுண்டுவிரலுக்குப் பின்னால் ஓரமாக ஓடும் நீள எலும்பு ஒடிந்தது. படத்தைப் பார்த்த டாக்டர் என்னைத்தான் முறைத்தார். பாதம் பூரி மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. மெட்டியை உடனே கழற்றாவிட்டால் விரலுக்கு ரத்தம் ஓடாது, அப்புறம் வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்றார். அத்தை அசையவில்லை. "போட்டு உட்டவரு வந்து கழட்டட்டும். வேற ஆரும் தொடப்படாது" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். ஆனாலும் மாமாவுக்குப் போன் செய்தேன். மாமா வருவார் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை.

வந்தார். கோழிப்பண்ணையிலிருந்து, தீவன மாவு ஒட்டிய சட்டையோடு அப்படியே வந்தார். தரையில் உட்கார்ந்து, அத்தையின் பாதத்தை மடியில் வைத்து, சோப்பு நுரை தடவி, மெட்டியைத் திருகித் திருகி நகர்த்தினார். காத்திருந்த கூட்டமெல்லாம் எழுந்து நின்று பார்த்தது. காலில் மாவுக்கட்டோடு இருந்த ஒரு லாரி டிரைவர், "மெதுவாங்ணா, மெதுவா" என்று யோசனை வேறு சொன்னார். மெட்டி வழுக்கி வந்ததும் மாமா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வலிக்குதா புள்ள?" என்றார். எத்தனை நாளைக்குப் பிறகு! அத்தை சுவரைப் பார்த்தபடியே, "எலும்பு ஒடிஞ்சா வலிக்காதுங்களா?" என்றார். நான் எக்ஸ்ரே அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்து மறுபடி படம் எடுத்தேன். எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. அத்தையோ படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது என்ற காலே இல்ல. மெட்டி எங்க?" என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். மாமா தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

அரங்கேற்றத்தன்று அத்தை வட்டத்தில் நின்றிருந்தார். பாட்டு தொடங்கப் போகும் நேரம், மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக உள்ளே போனார். அத்தனை பெண்களுக்கு நடுவில் குனிந்து, சட்டைப் பையிலிருந்த மெட்டியை எடுத்து அந்த விரலில் மாட்டினார். "ஏனுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்று அத்தை கூசிப்போனார். "பாக்கட்டும். நீ நல்லா ஆடு" என்றார் மாமா. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அத்தை ஓர் அடிகூடத் தப்பாமல் ஆடினார்.

போன வாரம் பீரோவை ஒழுங்கு செய்தபோது அந்தப் பழைய படம் கையில் வந்தது. வெளியே கும்மிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தையிடம், "ஒடிஞ்ச கால் படத்தைப் போயிப் பட்டுச் சேலையோட வெச்சிருக்கீங்களே?" என்று கேலி செய்தேன்.

"நான் எங்க வெச்சேன்?" என்றார் அத்தை.

அத்தையின் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்த மாமா, தலை நிமிராமல் சொன்னார்: "அங்கயே வெய்யி அம்மிணி. அதுலதான் நான் போட்ட மெட்டி இருக்குது."