வெட்டாமல் விட்ட குலைகள்

வாக்குக் கொடுத்தபோது அதற்கு ஒரு விலை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. விளாங்குடியில் இருக்கும் என் தங்கையின் மகளுக்கு நிச்சயம் செய்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எழுந்து நின்று, "தாம்பூலப் பைக்கு ஒரு தேங்காகூட வெளிய வாங்க வேணாம். அறுநூறும் என் தோப்புக் காயி" என்றேன். தாய்மாமன் பேச்சு. காய் மரத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருப்பதுதானே, கையை விட்டு என்ன போகிறது என்று நினைத்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் கூட்டல் கழித்தல் தெரியும். இது அதில் வராத கணக்கு.

கல்யாணம் ஆவணியில். சித்திரையில், வாடிப்பட்டிப் பக்கம் இருக்கும் எங்கள் தோப்புக்கு இளநீர் வியாபாரி லாரியோடு வந்து நின்றார். வெயில் கொளுத்திய வருடம். மதுரையில் இளநீர் கிடைக்காமல் அலைந்தார்கள். வழக்கமான விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சொன்னார். என் மனைவி மோட்டார் ரூம் பக்கம் பார்த்தாள். போர்க் கிணற்றில் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பணம் வந்தால் போரை இன்னும் நூறடி இறக்கலாம்.

சரி என்றேன். வெட்டுகிற ஆள் ஏறி, முதல் குலையைக் கயிற்றில் கட்டி இறக்கியபோதுதான் உறைத்தது. இன்றைக்கு இளநீராக இருப்பது நாலு மாதத்தில் முற்றித் தேங்காயாகும். விரலை மடக்கினேன்: வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி. கல்யாணத்துக்கு என்று நான் சொன்ன காயே இதுதான். வெள்ளை ஈப் பூச்சி தாக்கியதுபோக நன்றாகக் காய்ப்பது முப்பது மரம். பாதியை விற்றுப் பாதியை வைக்கலாம் என்றால் அறுநூறு தேறாது.

"மாப்ள, கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லு" என்றேன் வியாபாரியிடம்.

"ஏண்ணே, வெல பத்தலையா?"

"அது இல்ல. ஆவணிக்குக் காயி வேணும்."

"ஆவணிக்கு மார்க்கெட்டே இருக்கு. இதுல வர்ற காசுல பாதியக் குடுத்தா மூடை மூடையா எறக்கலாம். தேங்காயில எவன் இனிசியலப் பாக்கப் போறான்?"

மேலே இருந்தவன் சிரித்தான். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் இவர் இந்தப் பக்கம் பூராவும் இப்படித்தானே வெட்டிக்கொண்டு போகிறார். எல்லாரும் இளநீராக விற்றுவிட்டால் ஆவணியில் காய் எங்கிருந்து வரும், என்ன விலைக்கு வரும்? சரி, வெட்டாமல் வைத்து, போர் வற்றி, காயெல்லாம் கொட்டிவிட்டால்? அப்போது இளநீரும் இல்லை, தேங்காயும் இல்லை.

"ரெண்டு நாள் கழிச்சு வாயேன்."

"திரும்ப இங்கிட்டு வர இருவது நாளாகும்ணே. அதுக்குள்ள உள்ள பருப்பு கெட்டியாயிரும். அப்பறம் எவன் குடிப்பான்?"

தங்கைக்குப் போன் போட்டேன்.

"வித்துருங்கண்ணே. கடையில வாங்கிக்கலாம். இதுக்குப் போயி ஏன் இம்புட்டு யோசிக்கிறீங்க" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள். "சம்பந்தியம்மா நேத்துக்கூடக் கேட்டாங்க, மாமன் தோப்பு எம்புட்டுப் பெருசுன்னு."

நான் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வெட்டுகிறவன் நிறுத்தாமல் மூன்றாவது மரத்தையும் முடித்திருந்தான். நாலாவதில் காலை வைத்தபோது, "போதும், எறங்குப்பா" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தரம் சொல்ல வேண்டியிருந்தது.

வியாபாரி மூன்று மரத்துக்கு மட்டும் பணத்தைக் கொடுத்தார். "உங்க மரம், உங்க இஷ்டம். ஆவணி வரைக்கும் அண்ணாந்து பாத்துக்கிட்டே திரியப் போறீங்க."

லாரி பக்கத்துத் தோப்புக்குப் போனது. மனைவி மோட்டார் ரூமைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவர் சொன்னதுதான் நடந்தது. ஆடிக் காற்றில் மட்டை விழுந்தால்கூட ஓடிப்போய்ப் பார்த்தேன். கடைசியில் ஐநூறு காய்தான் தேறியது. மீதி நூறைக் கடையில் வாங்கி, யாருக்கும் தெரியாமல் கலந்தேன். விலை ஏறித்தான் இருந்தது. ஆனால் நான் பயந்த அளவுக்கு இல்லை. இளநீராக விற்றுவிட்டு மொத்தத்தையும் வாங்கியிருந்தாலும் கையில் மிஞ்சியிருக்கும்.

மண்டபத்தில் செய்முறையை, யார் என்ன கொடுத்தார்கள் என்று, மைக்கில் வாசித்தார்கள். தாய்மாமன், சொந்தத் தோப்புத் தேங்காய் அறுநூறு. தங்கை சம்பந்தியம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தங்கையின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது எனக்குச் சரி என்றுதான் இருந்தது. பக்கத்தில் நின்ற மனைவி குரலைத் தாழ்த்தி, "போர்ல எறக்காத நூறடியையும் சேத்து வாசிக்கச் சொல்லுங்க" என்றாள்.

பந்தியில் சாப்பிட்டதும் தோப்புக்குப் பஸ் ஏறினேன். மூன்று மணிக்கு மோட்டாருக்கான கரண்ட் வரும். தண்ணீர் அரை மணி நேரம் ஒழுங்காக வந்தது, பிறகு குழாய் இருமத் தொடங்கியது. ஒரு வரிசை மரத்துக்குத்தான் காணும். மண்வெட்டியோடு வாய்க்கால் பிரியும் இடத்தில் நின்றேன். கிழக்கு வரிசைக்கா, மேற்கு வரிசைக்கா? யோசித்துக்கொண்டு நின்ற நேரத்தில் தண்ணீர் இரண்டுக்கும் போகாமல் என் காலடியில் தேங்கிக்கொண்டிருந்தது.